நான் கண்டுபிடிக்காத சொற்கள்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்ன உருப்படியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழாம் மாதம் ஆகிவிட்டது, படி ஏறும்போது கைப்பிடியை விடாதே. லிஃப்ட் இருந்தால் லிஃப்டில் போ, ஆனால் மூடுகிற கதவுக்குள் கையை நீட்டி நிறுத்தாதே, பட்டனை அழுத்து, முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் சொல்கிறேன். முன் அறையில் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததை நானே ஏறிப் பூசிவிட்டேன், கம்ப்யூட்டர் மேல் இனிச் சொட்டாது. இந்தக் காலத்தில் காகிதத்தில் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வரிசையாகத்தான் சொல்வேன், நடுவில் பிடித்தால் எனக்குச் சொல்ல வராது.

நீ கிளம்பும்போது பொழுது போகட்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தாயே, எழுத்துக் கட்டத்துக்குள் சொல் தேடுகிற விளையாட்டு, அதைத் தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே ஆடுகிறேன். பதினைந்துக்குப் பதினைந்து கட்டம், பக்கத்தில் இருபது சொற்களின் பட்டியல், எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்து மவுஸால் இழுத்தால் சொல் பச்சையாகும், பட்டியலில் அதன்மேல் கோடு விழும். நான் முதல் வரிசையில் ஆரம்பித்து இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ் என்று ஒரு கட்டம் விடாமல் பார்த்துக்கொண்டு வருவேன். ஒரு கட்டத்தை முடிக்க எனக்கு இரண்டு நாளாவது ஆகும். பாதியில் மூடினாலும் மறுநாள் விட்ட இடத்திலேயே நிற்கும், அது ஒரு சௌகரியம். போன மாதம் ஒருநாள் காலையில் திறந்தால், நான் பதினொன்றில் விட்டது பதினாலில் நிற்கிறது. மூன்று சொல் கூடுதல். அதில் ஒன்று கீழ் மூலையிலிருந்து மேலே சாய்வாக ஏறுகிறது, அந்தத் திசையில் நான் தேடுவதே கிடையாது. சரி, நானே ஆடிவிட்டு மறந்திருப்பேன் என்று விட்டேன். மறுநாள் நாலு கூடுதல். பிறகு ஒரு நோட்டுப் போட்டேன், தேதி, மூடும்போது எத்தனை, திறக்கும்போது எத்தனை. ஒன்பது நாள் எழுதினேன், ஒன்பது நாளும் கணக்கு இடித்தது.

எனக்கும் மறதி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். உன் பெரியப்பா கடைசியில் எப்படி இருந்தார் என்று நீயும் பார்த்திருக்கிறாய், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து இன்னும் சாப்பாடு வரவில்லையே என்பார். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வராதா? அம்மாவிடம் மூச்சு விடவில்லை, பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மத்தியானம் தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். நான் அவர் மேஜையிலிருந்த மருந்துப் புட்டியைக் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டு, நிமிஷக் கோடெல்லாம் போட்டுக் கொடுத்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கீங்க, வீட்ல வேற யார் இருக்காங்க என்று கேட்டார். என் வீட்டுக்காரி மட்டும்தான் என்றேன். அப்ப அவங்க ஆடியிருக்கலாமே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதுங்க டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீங்க கேட்டீங்களா என்றார். கேட்கவில்லை என்றேன். போய்க் கேளுங்க, அதுக்கப்புறமும் சந்தேகம் இருந்தா வாங்க என்று அனுப்பிவிட்டார், மருந்து எதுவும் எழுதவில்லை.

மூன்று மணி இருக்கும், சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தேன். அம்மா தையல் மெஷின் ஸ்டூலைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப்போல வரிசையாகத் தேடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கட்டம் மொத்தத்தையும் சும்மா பார்க்கிறாள், பிறகு மவுஸைப் பிடித்து ஒரே இழுப்பு, சொல் பச்சையாகிறது. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் அவள் துணி பரிசோதித்த காலத்திலும் இப்படித்தான், மேஜையில் விரித்தால் போதும், எங்கே நூல் இழுத்திருக்கிறதோ அங்கே கண் போய் நிற்கும் என்பாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அவள் திரும்பவில்லை. முழங்கால் வலின்னு எழுதியிருந்தீங்களே, எந்த முழங்கால் என்று கேட்டாள்.

இடதா வலதா என்று ஒரு கணம் யோசித்தேன், பார் என் புத்தியை, அப்போதும் எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்றுதான் போனது. இப்போது உனக்குப் பாதி புரிந்திருக்கும், மீதியையும் சொல்கிறேன். பிரசவத்துக்கு அம்மாவை மூன்று மாதம் அனுப்ப முடியுமா, கேட்டுச் சொல்லுங்கள் அப்பா என்று நீ மெயில் போட்டாய். அவளுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் முடியாது, அவளுக்கு விருப்பமும் இல்லை, ஆள் வைத்துக்கொள் என்று நான் பதில் போட்டேன். அம்மாவிடம் கேட்கவே இல்லை. அவளுக்கு வலியும் இல்லை. அதோடு நிறுத்தினேனா, இல்லை. மகள் ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டாளாம், நீ வர வேண்டியதில்லை என்கிறாள் என்று அவளிடம் சொன்னேன். நீ போனில் உடம்பு எப்படிம்மா என்று கேட்டபோது நல்லா இருக்கேன் என்றாளே, வலியை மறைக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். வேண்டாம் என்றவளிடம் வலியப் போய்க் கேட்பானேன் என்று அவள் இருந்திருக்கிறாள். உங்கள் இரண்டு பேர் ரோஷமும் எனக்கு வசதியாகப் போயிற்று.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்ததே நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்க்கத்தான். எப்படிக் கற்றுக்கொண்டாய் என்றேன். டீ டம்ளர் எடுக்க வர்றப்பல்லாம் பாக்குறேனே, அதுல என்ன ராக்கெட்டா விடுறீங்க என்றாள். போட்டோ பார்த்த கையோடு இந்த விளையாட்டும் திறந்துகிடக்க, நான் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் இரண்டு மூன்று சொல் பிடித்திருக்கிறாள். அதற்கு நாலு நாள் முன்னால் விளையாட்டை மூடியபோது அதற்குப் பின்னால் நான் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு மூடாமல் விட்ட அந்த மெயில் இருந்திருக்கிறது. படித்துவிட்டாள். நாலு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் என்றதற்கு, நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன் என்றாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நீ கேட்பாய். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை கண்ணு. எனக்குப் பயம். மூன்று மாதம் இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயம். கயிறு அறுந்த லிஃப்டுக்கு மேலே நின்று வேலை பார்த்திருக்கிறேன், அப்போதுகூட இப்படி இருந்ததில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் அவள் முழங்காலில் கொண்டுபோய் வைத்தேன்.

அம்மா சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. எழுதிக் கெடுத்ததை எழுதியே சரி பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல வேண்டாம், அதுல அழிச்சு அழிச்சு அழகா எழுதிடுவீங்க, கையால எழுதுங்க என்றாள். இது உன் கைக்கு வந்து சேருகிறவரை தானும் போனில் உன்னிடம் எதுவும் சொல்லப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் காகிதம், கூரியரில் வருகிறது. நேற்று அவளே பஸ் ஏறிப் போய் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தாள், ஒரு டிக்கெட்தான், எந்தத் தேதி என்று என்னைக் கேட்கவில்லை. பரணிலிருந்து பெட்டியை மட்டும் இறக்கிக் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன். துணி துவைக்கிற மெஷினை எப்படிப் போடுவது என்று காட்டினாள், எனக்கு இரண்டு தடவை காட்ட வேண்டியிருந்தது, ஒரு லிஃப்டையே பிரிச்சு மாட்டுவீங்க, இதுல இருக்கறது நாலு பட்டன் என்றாள். நான் இருந்துகொள்வேன், என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ ஏற்பாடு செய்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். என்மேல் கோபம் வரும், வரட்டும், ஆற அமரத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்து முடித்த கையோடு முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணு. நீ வேணும்மா என்று ஒரு வார்த்தை சொல். அந்த மெயிலைப் படிக்கிறவரை ஆறு வாரமாகத் தன் மகளுக்கே தான் வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டுதான் மூன்று வேளையும் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. சுகமாகப் பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இத்தனை வருஷமாக உனக்கு எழுதிய எல்லாவற்றிலும் அம்மா பெயரையும் சேர்த்து நானே போட்டிருக்கிறேன், அவளைக் கேட்டதில்லை. இன்றைக்குப் பேனாவை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். எனக்குக் கீழே இருக்கிற வரி அவள் எழுதியது, நான் படிக்கவில்லை.

இப்படிக்கு,
அப்பா

நீ வேணாம்னு சொன்னாலும் வந்திருப்பேன்டி. அம்மா.