அப்பா இரண்டு முறை போட்ட முற்றம்

அன்பு மகள் லோம்பேவுக்கு, முஃபுலிராவிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முட்டி மட்டும் நலமில்லை, அதை விடு. பெர்கன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். நீ போனில் முற்றத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. இப்போது சர்ச்சுக்குப் போயிருக்கிறார், எழுதிவிடுகிறேன்.

சமையலறைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரை உனக்குத் தெரியுமே, நீ போன பிறகு இன்னும் மோசமாகி, மேல்பூச்சு உரிந்து ஜல்லி பல்லிளித்தது, நடுவில் விரிசல் விட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கல்யாணப் பெண்களுக்கு ஆட்டமும் குடும்ப நடப்பும் நான் சொல்லித்தருவது அந்தத் தரையில்தானே. ஆகஸ்டில் அடுத்த தெரு கலுபாவின் அம்மா தன் மகள் பூப்பேயை என்னிடம் விட்டாள். ஆடும்போது அந்த விரிசலில் இடறிப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி, கல்யாணத்தையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று. கலுபாவின் அம்மா சந்தையில் நின்றுகொண்டு, "அவ வீட்டுத் தரையே கல்யாணம் வேணாங்குது, அங்கயா பொண்ண அனுப்புவீங்க?" என்று கேட்டாளாம். அடுத்து வரவேண்டிய பெண்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அன்றைக்கு நிஷிமாக் களியைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டேன்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு மறுநாளே சம்மட்டியை எடுத்தார். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, "சுரங்கத்துல மலையையே ஒடைச்சவன், இந்த ரொட்டித் துண்டுக்கு ஆளா?" என்றார். பழைய தரையை உடைத்து அள்ளி, ஜல்லி கொட்டி இடித்து, மணல் பரப்பி, சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் கல்லை மீன்முள் மாதிரி கோத்துக் கோத்துப் பதித்தார். வேலையை விட்டு வந்த பிறகு அவர் சீட்டியடித்து நான் கேட்டது அப்போதுதான். தண்ணீர் ஓடும் வாட்டம் வீட்டுப் பக்கம் வருகிற மாதிரி இருக்கிறதே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைத்துக் காட்டி, "ரசமட்டம் பேசுது, நீ பேசாத" என்றார். நவம்பரில் ஒரு மத்தியானம் முதல் மழை வந்தது, முற்றத்துத் தண்ணீர் முழுக்க நேராகச் சமையலறைக்குள் வந்து மக்காச்சோள மாவு மூட்டையை நனைத்துவிட்டது. அப்பாவின் செருப்பு அடுப்பு வரைக்கும் மிதந்து வந்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக்கூடாது. மனிதர் சாப்பிடவில்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. மறுநாள் காலையில் ஓரத்துக் கல் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "சிமெண்டுன்னா ஒடைச்சுத் தூக்கிப் போடணும், இது கல்லுதானே, எடுத்து மறுபடி வெச்சுக்கலாம். எழுந்திருங்க, லோம்பே அப்பா" என்றேன். அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாட்டம் எந்தப் பக்கம்னு நீயே சொல்லித் தொல" என்றார்.

நாங்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது கலுபாவின் அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன, தரைக்கு ரெண்டாங் கல்யாணமா?" என்றாள். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், கூட வந்த பூப்பே உள்ளே நுழைந்து கல்லைச் சுமக்க ஆரம்பித்துவிட்டாள், கால் நன்றாகத் தேறிவிட்டது. மகள் வந்த பிறகு தாய் என்ன செய்வாள், அவளும் இடுப்புத் துணியை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள், அவளைப் பார்த்துத் தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வாட்டத்தை வேலியோர வாழைப் பக்கம் திருப்பி, ஒருவழியாக எல்லாக் கல்லையும் பதித்தோம். ஆனால் கல்லை இறுக்கும் மிஷின் வேறு ஊருக்கு வாடகைக்குப் போயிருந்தது. "நாங்க ஆடினா இறுகாதாம்மா?" என்று பூப்பேதான் கேட்டாள். கல்லின் மேல் பலகைகளைப் போட்டோம், மத்தளங்கள் வந்தன. அந்த ஆட்டத்தை ஆண்கள் பார்க்கக்கூடாதே, எங்கே இறுகவில்லை என்று சொல்ல அப்பாவும் வேண்டும், அதனால் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தோம். சுரங்கத்தில் பாறையைத் தட்டிச் சத்தத்தை வைத்தே பொக்கை கண்டுபிடித்தவர் இல்லையா, திரும்பாமலே, "கெழக்கு மூலை பொத்துங்குது, கனமான ஆளா அனுப்பு!" என்று கத்தினார். "கனமான ஆளுன்னா யாரு, பேரச் சொல்லுங்க பாப்போம்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, கலுபாவின் அம்மாவே அந்த மூலைக்குப் போய்க் குதித்து ஆடினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆடி முடித்து மூச்சு வாங்க என்னிடம் வந்து, "சனிக்கிழமையிலேருந்து பொண்ணு இங்கயே வருவா" என்றாள். அதற்கப்புறம் இரண்டு பெரிய மழை பெய்துவிட்டது, சமையலறைக்குள் ஒரு சொட்டு வரவில்லை, வாழைதான் கொழுக்கிறது.

கடவுள் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சாப்பாடும் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முற்றம் பிரமாதம் என்று அப்பாவிடம் சொல், மறந்தும் மழையைப் பற்றிக் கேட்காதே. இன்னொன்று, இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. எங்கள் கல்யாணத்தில்கூட ஓர் அடி ஆடாத மனிதர், அன்றைக்கு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றபடி, மத்தளத்துக்குச் சரியாகக் குதிகாலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

என்றும் உன்னை நினைத்தபடி இருக்கும்
உன் அம்மா