ஆறு தெளிந்துவிட்டது

நூர்பக்கா, மேற்குப் பின்லாந்து
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள யானிகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தத் தூர தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, மழையோ நிற்கவில்லை. உனக்குக் கம்பளிக் கையுறை பின்னி வைத்திருக்கிறாள், அங்கே இப்போது கோடை வரப்போகிறது என்று சொன்னால் கோபப்படுகிறாள். நீ அனுப்பிய படம் வந்தது. உன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை, அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. நம்ம ஊர் ஆறும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்ப்பா என்று கேட்டிருந்தாய். இப்போது அப்படித்தான் இருக்கிறது யானிகா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம் ஆறு காப்பி நிறத்தில் ஓடினால்தான் அதற்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நீ என் வகுப்பில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதனால் மறுபடி சொல்கிறேன். உன் பெரியப்பாவின் வயல் ஒரு காலத்தில் கடலடி. நிலம் மேலே எழுந்து எழுந்து வயலானது. அதன் ஆழத்தில் கறுப்புக் களிமண் இருக்கிறது, வெட்டி எடுத்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதில் கந்தகம் இருக்கிறது. ஈரத்தில் கிடக்கிறவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. தண்ணீரை வடித்துக் காற்றுப் படவிட்டால் கந்தக அமிலமாக மாறும், அந்த அமிலம் மண்ணிலிருக்கும் அலுமினியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பிறகு பெரிய மழை பெய்ததும் எல்லாமாக ஆற்றில் இறங்கும். அலுமினியம் முதலில் ஆற்றின் பழுப்பைத் திரட்டி அடியில் படியவைக்கிறது, அதனால்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிகிறது. அடுத்து மீனின் செவுளில் போய் ஒட்டுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போதே மீன் மூச்சுமுட்டிச் சாகிறது.

இதைத் தடுக்க ஒரு பலகை போதும். வயலுக்கு அடியில் போகும் குழாய்கள் வந்து சேரும் சிமென்ட் தொட்டியில் அந்தப் பலகைக்கு இடம் இருக்கிறது. வசந்தத்தில் அதைத் தூக்கி நீரை வடித்து டிராக்டரை இறக்கலாம், விதைத்து முடிந்ததும் திரும்பப் போட்டுவிட்டால் கோடை முழுவதும் களிமண் நனைந்தே கிடக்கும். உன் பெரியப்பா போடவில்லை. கோடை எப்படிக் காய்ந்தது என்று உனக்கு அப்போதே எழுதியிருந்தேன். ஜூலையில் நானே வரப்பில் போய் நின்று சொன்னேன். டிராக்டரை விட்டு இறங்கக்கூட இல்லை அவர். வாத்தியாரே, பள்ளிக்கூடத்தை இழுத்து மூடி எத்தனை நாளாச்சு, இன்னும் யாருக்குடா பரீட்சை வெச்சுக்கிட்டு இருக்க என்றார். வயல்ல தண்ணியை நிறுத்தினா நம்ம அப்பன் குழிக்குள்ள இருந்து எழுந்து வந்து என்னை உதைப்பாரு என்றார். இங்கே எல்லாரும் அப்படித்தான். மண்வெட்டியால் கடலைத் தள்ளி வயல் எடுத்தவர்களின் பிள்ளைகள், வேண்டுமென்றே தண்ணீர் நிறுத்துகிறவன் இவர்களுக்குச் சோம்பேறி. ஹோக்கானுக்குத் தலை இருக்கிறது, ஸ்தூரேவுக்குக் கை இருக்கிறது என்று எங்கள் இருவரையும் பிரித்துச் சொல்லித்தான் உன் தாத்தா என்னை விட்டு நிலம் முழுவதையும் உன் பெரியப்பாவுக்குக் கொடுத்தார். பள்ளிகளை ஒன்றாக்கிய நகராட்சிக்கு அந்தத் தலையும் தேவைப்படவில்லை. நான் இதை மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எனக்கு மிஞ்சியது பாலத்துக்குக் கீழே இருக்கும் மீன்குஞ்சு பொரிப்பகம் மட்டும்தான், அதை நீ அறிவாய். இந்த வருஷம் வெள்ளைமீன்கள் கடலிலிருந்து நிறையவே ஏறி வந்தன. மீனவர் சங்கத்துக்காரர்களோடு நின்று முட்டை எடுத்துக் கண்ணாடி ஜாடிகளில் விட்டேன். ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாக ஏறி ஜாடிகளுக்குள் ஓயாமல் ஓட வேண்டும், அப்போதுதான் முட்டைகள் வசந்தம்வரை உயிரோடு இருக்கும். முட்டை விட்ட அதே வாரம் மழை பிடித்துக்கொண்டது. உடனே உன் பெரியப்பாவிடம் போய் இப்போதாவது பலகையைப் போடு, உள்ளே இருக்கிற அமிலத்தில் பாதியாவது உள்ளேயே நிற்கட்டும் என்றேன். பாதி உருளைக்கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கு, நீ வந்து முழங்கால் சேத்துல நின்னு தோண்டிக் குடுப்பியா என்று கேட்டார். நான் திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை காலை பாலத்தில் நாலைந்து பேர் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பாவும் இருந்தார். என்னைக் கண்டதும், வாடா ஹோக்கான், வந்து பாரு, அடிக்கல்லு எண்ணலாம், உன் அமிலம் ஆத்தைக் கழுவி விட்டிருச்சு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கீழே இறங்கி அமிலச் சோதனைத் தாளை நனைத்தேன், தாள் சிவந்தது. பொரிப்பகத்துக்கு ஓடி ஆற்றுக் குழாயை அடைத்தேன். அடைத்தால் முட்டைக்கு மூச்சு இல்லை, திறந்தால் விஷம். சுண்ணாம்பு போடேன் என்று அம்மா சொன்னாள். அவசரத்தில் போட்டால் கரைந்திருக்கும் அலுமினியம் எல்லாம் அந்த இடத்திலேயே திரண்டு முட்டை மேலேயே படியும், அது இன்னும் மோசம். எல்லாம் தெரிந்த நான் வாளியில் இருந்த தண்ணீரையே ஒரு ஜாடியிலிருந்து இன்னொரு ஜாடிக்கு ஊற்றிக்கொண்டு நின்றேன்.

நான் கேட்காமல் அம்மா எழுந்து போனாள். எங்கே என்று சொல்லவில்லை. இருட்டுவதற்கு முன் டிராக்டர் சத்தம் கேட்டது. உன் பெரியப்பா மாடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மேட்டுக் காட்டில் இருக்கும் ஏரியிலிருந்து நிரப்பியிருந்தார். அது பழைய கடற்கரைக்கு மேலே, அங்கே அந்தக் களிமண் கிடையாது. தண்ணீர் பழுப்பாக, அழகாக இருந்தது. குழாயை மாட்டிக்கொண்டே, உன் பொண்டாட்டி என் அடுக்களையில வந்து அழுதா, உனக்காக வரலை என்றார். பிறகு ஜாடிக்குக் கிட்டக் குனிந்து, இதுதானா, இந்தப் பொடி உருண்டைக்கா இவ்வளவு கூத்து என்றார். விளக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். நான் நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் தண்ணீர் வருகிறது. செத்த முட்டை வெளுத்துவிடும், அவற்றைக் குழல் வைத்து உறிஞ்சி எடுக்கிறேன், நிறையவே எடுத்தாயிற்று. மீதி பிழைக்குமா என்பது முட்டைக்குள் குஞ்சின் கண் கறுக்கும்போதுதான் தெரியும். உருளைக்கிழங்கு நேற்றோடு தோண்டி முடிந்தது. இன்று காலை வேலியோரமாக நடந்து போய்ப் பார்த்தேன். பலகை தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தபடியே இருக்கிறது, குழாய்வாய் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கையால் எனக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார், இன்னொரு கையால் ஆற்றுக்கு விஷம் அனுப்புகிறார். ஏரி உறையும்வரைதான் டிராக்டர் அங்கே போய்த் தண்ணீர் நிரப்ப முடியும்.

என் பிறந்தநாளுக்குப் பெரியப்பாவைக் கூப்பிடச் சொல்லிப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அம்மா ஏற்கனவே கூப்பிட்டுவிட்டாள், ஏலக்காய் ரொட்டியும் சுடப்போகிறாள். நான் மேசையில் உட்காருவேன், அதற்கு மேல் எதிர்பார்க்காதே. அதற்குப் பதிலாக நீ ஒன்று செய். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் அவருக்குப் போன் போடு. நான் சொன்னால் பரீட்சை என்பார். நீ சொன்னால் எழுந்து போய்ச் செய்வார், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதுவும் எனக்குப் பிடித்ததில்லை. அமிலம், அலுமினியம் எதுவும் பேசாதே, அப்பா எழுதினார் என்றும் சொல்லாதே. ஜாடியில் அவர் பார்த்த உருண்டைகள் எப்படி இருக்கின்றன என்று கேள். அவர் சொல்லி முடித்ததும் பலகையைப் போடச் சொல்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அந்த ஓடையில் குளிப்பதற்கு முன் கல்லைப் புரட்டிப் பார், அடியில் பூச்சி இருந்தால் தண்ணீருக்கு உயிர் இருக்கிறது, இறங்கு. கையுறை கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு வரி எழுது, போனை மட்டும் தள்ளிப் போடாதே.

உன் அப்பா,
ஹோக்கான்