வானம் சுத்தம்

என் மகளின் அப்பாவுக்கு,

உங்கள் காவல் குன்றுக்கு ரொட்டி கொண்டுவரும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் ஆலிவ் காயும், வாக்கிடாக்கிக்கு சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் இருக்கின்றன. பழையது தீர்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

இன்று மாலை, ஊரே கேட்கும் என் வாக்கிடாக்கி நிகழ்ச்சியில், ரொட்டி மாவு பங்கிடும் கமிட்டிக்காரர்களைக் கிண்டலடித்துத் தீர்த்தேன். ஊரே சிரித்திருக்கும். நீங்கள் போட்ட விதிப்படி, அவ்வப்போது பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். நான் அழுத்திக்கொண்டே பேசினால், குண்டு போடும் விமானம் வருகிறது என்று நீங்கள் குன்றிலிருந்து கத்துவது யாருக்கும் கேட்காதே.

அந்த இடைவெளியில் எப்போதும் நீங்கள்தான், "வானம் சுத்தம், நீ அளந்து விடுடி" என்பீர்கள். இன்று வேறு யாரோ, "வானம் சுத்தம், பேசுங்க அக்கா" என்றார்.

எதிரிகளும் கேட்கிற அலைவரிசை, பெயர் சொல்லக் கூடாது. அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. தடுமாறாமல் நிகழ்ச்சியை முடித்தேன்.

பக்கத்து வீட்டு உம்மு தைம் வந்தாள். "அவருக்குக் குளிர்ல தொண்டை கட்டியிருக்கும்டி. அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு!" என்று திட்டினாள். பிறகு, நான் கேட்காமலே என் பாத்திரங்களையெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நாளை நீங்கள் பேச வேண்டாம். நான் கையை எடுத்ததும் உங்கள் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், அந்தக் கரகரப்பு போதும். கொஞ்சம் கூடுதலாகவே காத்திருப்பேன். "என்னம்மா, தூங்கிட்டியா?" என்று ஊர் கத்தினால் கத்தட்டும்.

இப்படிக்கு,
பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பவள்