அப்பா சித்தப்பா வீட்டில் இருக்கிறார்

அன்பு மகள் ரியாமாவுக்கு அம்மா எழுதுவது. ஏரிக்கரையில் நாங்கள் எல்லோரும் நலம், இந்த வரியை எழுதுகிற நேரம் வரைக்கும் அது உண்மை. நீயும் ஜெயபுராவில் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு கெடாமல் இருக்க ஆண்டவர் கிருபை செய்யட்டும்.

மழை நிற்கவே இல்லை. வெங்காயம் பாத்தியிலேயே அழுகிவிட்டது, அலை பெரிதாக இருப்பதால் படகு போகிற நாள் போகிறது, போகாத நாள் போகவில்லை. அறையில் கூட இருக்கிற பெண் எதற்கோ என்னைக் கேலி பண்ணினாள், அதிலிருந்து அவளோடு பேசுவதில்லை, ஆனால் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறோம் என்று சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை ரியாமா. ஏன் என்று சொல்கிறேன் கேள்.

உன் அப்பாவும் ஜோங்கி சித்தப்பாவும் பேசாமல் போனதற்கு என்ன பெரிய காரணம்? தாத்தா சாவு விருந்தில், "அண்ணன் ஜெபத்தை முடிக்கிறதுக்குள்ள சட்டியில இருக்கிற மீனே எந்திரிச்சு ஏரிக்குப் போயிடும்" என்று சித்தப்பா சொன்னார், ஊரே சிரித்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லி ஆமென் சொன்னதும் அடுத்த வார்த்தை ஜோங்கியைப் பற்றித்தான். கள்ளு குடித்தான், எருமையைக் கட்டாமல் விட்டான், கோயிலில் கொட்டாவி விட்டான். தினமும் ஒரு வாய் சோறு, ஒரு வாய் ஏளனம். சபை மூப்பர் ஆயிற்றே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் காப்பித் தோட்டத்துக்கு மேலே போனவர் முழங்கால் வரை சேற்றோடு வந்தார், சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள்தான் சொன்னார், சித்தப்பா வீட்டுக்கு நேர் மேலே நிலம் பிளந்திருக்கிறதாம், கால் இறங்குகிற அகலத்துக்கு, பைன் மரங்கள் எல்லாம் கீழ்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறதாம். ஓடிப்போய்ச் சொல்லுங்கள் என்றேன். "சொன்னா சிரிப்பான். சிரிக்கட்டும், மலை சிரிக்காது" என்றார். நான் போகிறேன் என்றதற்கு, போனால் திரும்பி வராதே என்றார்.

ஞாயிறு ஆராதனையில் ஜெபிக்க எழுந்து நின்றவருக்குப் பாதியில் வார்த்தை நின்றுபோனது. சபை முழுக்கத் தலைகுனிந்து காத்திருக்கிறது, கூரையில் மழைச் சத்தம்தான். வெளியே வந்து என்னிடம், "கூப்பிடுறேன், அந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி இருக்குடி. இன்னிக்கு இல்ல, ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றார். குடையைக்கூட எடுக்காமல் நேரே தம்பி வீட்டுக்குப் போனார்.

சித்தி தியோமினா சொல்லித்தான் மீதி தெரியும். சித்தப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றாராம். "இத்தனை வருசம் என் வாசல் பக்கம் திரும்பாத ஆளு இன்னிக்கு வந்து வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்றீங்க. அப்பாவோட தோட்டம் உங்களுக்குப் பத்தலையா அண்ணே?" என்றாராம். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார், அதுதான் கொடுமை. அப்பா மன்னிப்புக் கேட்டாராம், அதையும் நடிப்பு என்றாராம். அந்த வீட்டுக் கதவு சில நாளாகவே சாத்த வரவில்லை, நிலை கோணிவிட்டது, சித்தப்பா மரம் ஊறிவிட்டது என்று சொல்லி இழைப்புளியால் சீவிக்கொண்டிருக்கிறார். பின்னால் இருக்கிற ஊற்று செம்மண்ணாக வருகிறது. சித்தி அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். சித்தப்பா வரவில்லை.

நேற்று அப்பா பாயையும் கம்பளியையும் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். "அவன் வந்தா நானும் வர்றேன். வரலைன்னா அவன்கூட இருக்கேன்" என்று சொன்னார். மூப்பர்கள் போய்ப் பேசியும் இரண்டு பேரும் அசையவில்லை. தியோமினா வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் முன்னால் மேலே ஒரு சத்தம் கேட்டது. இடி என்றாள் தியோமினா. இடிக்கு முன்னால் மின்னல் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இது இப்படியோ அப்படியோ முடிந்திருக்கும். அதனால் இதைப் படித்துவிட்டு எங்களுக்காக அழுதுகொண்டு உட்காராதே. எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசு, இன்றைக்கே பேசு, அதன் பிறகு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் நாவையும் காக்கட்டும். கொசுவலை இல்லாமல் படுக்காதே.

படகுக்காரர் கூப்பிடுகிறார். இதைக் கொடுத்துவிட்டு, சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு நான் அவர்களிடம் போகிறேன். இரண்டு பேரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

உன் அம்மா,
நுர்மாலா