பெரியம்மாவின் சிரிப்பைத் தபாலில் அனுப்பிய விவரம்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். பெரியம்மாவும் சுகம், மேல்வரிசைப் பற்கள் நீங்கலாக. அங்கே நீயும் மருமகனும் எப்படி இருக்கிறீர்கள், அவருடைய இருமல் நின்றதா, இல்லை இன்னமும் வெந்நீரே போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்று எழுது. போன ஞாயிறு நீ போனில் பெரியம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டதும் அம்மா, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று போனை வைத்துவிட்டாள் இல்லையா. அடுப்பில் ஒன்றும் இல்லை, அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. நான் போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்தில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்துவாள். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். அவள் இப்போது ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள், வர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடங்களில் ஒரு கோடு பிசகாமல் பார்த்துக்கொண்டவள், ஓய்வு பெற்ற மறுவாரமே கத்தரிக்கோலை எடுத்து வரைபடங்களை வெட்ட ஆரம்பித்தாள் என்பது உனக்குத் தெரியும். வெட்டிய துண்டுகளை ஒட்டிக் கொலாஜ் அட்டை செய்து முகம் தெரியாதவர்களுக்குத் தபாலில் அனுப்புவதும், அவர்கள் பதிலுக்கு அனுப்புவதை ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தி வைப்பதும்தான் இப்போது அவளுக்கு முழுநேர உத்தியோகம். எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. காலைப் பேப்பரை நான் வாசிப்பதற்குள் வெட்டிவிடுகிறாள். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பக்கத்தில் ஒரு கொள்ளை வழக்கு, போலீஸ் வந்து சேர்ந்தது வரைக்கும் இருக்கிறது, ஆளைப் பிடித்தார்களா என்பது பின்பக்கத்தில் இருந்த பேரிக்காய்ப் படத்தோடு போய்விட்டது. நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு வீட்டிலேயே செய்தி கிடைப்பதில்லை. வாஷிங் மெஷின் கையேட்டில் நீல நிறம் அழகாக இருந்ததாம், அதிலிருந்து அந்த மெஷினை ஒரே ஒரு முறையில்தான் எங்களுக்கு ஓட்டத் தெரியும். குடித்து முடித்த டீப்பைகளைப் பிரித்து, தூளைக் கொட்டி, அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கிறாள், எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொம்மைகளுக்குத் துவைத்துக் கொடுக்கும் வேலை எடுத்திருக்கிறீர்களா என்று விசாரித்தார். என் அகராதியின் இரண்டு தொகுதிகளும் அட்டைகளை அழுத்தி வைக்கப் போய்விட்டன, ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டுமானால் பசை காய்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இதில் சுற்று அட்டை என்று ஒன்று இருக்கிறது, அதுதான் வினையாகிவிட்டது. ஒருவர் ஓர் அட்டையை ஆரம்பித்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும், அவர் அதன்மேல் தன் பங்குக்கு ஏதாவது ஒட்டி அடுத்தவருக்கு, இப்படியே போய்க் கடைசியில் ஆரம்பித்தவரிடமே திரும்பி வரும். விதி இரண்டுதான். எதை வேண்டுமானாலும் ஒட்டலாம், அடுத்தவர் ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது. எல்லாம் தபாலில் மட்டும்தான், போன் நம்பர் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அம்மாவின் சுற்றில் அவளோடு நாலு பேர், மற்ற மூவரும் வெவ்வேறு ஊர். ஒருவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர், ஒரு பெண் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், மூன்றாமவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதம் முன்பு அம்மா ஆரம்பித்த அட்டையில் கடல் வரைபடத்தின் மேல் ஒரு வாத்து, வாத்தின் கையில் டீப்பைக் குடை. வாத்துக்குக் கை ஏது என்று நான் கேட்டேன், அவள் பாட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். வாத்தின் தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரியம்மாவின் தலை.

அந்தப் படத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். பெரியம்மாவுக்கு இருபது வயதில் சைக்கிள் பழகும்போது விழுந்து, தரையில் உட்கார்ந்தபடி தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிற படம். இரவல் கேமராவில் எடுத்தது உன் அம்மா, அப்போது அவளுக்குப் பதினாலு. பெரியம்மா பல் தெரிய எடுத்துக்கொண்ட படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். கல்யாணப் படத்திலும் சரி, தலைமை ஆசிரியையாகப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் எடுத்த இருபத்தாறு படங்களிலும் சரி, வாயைச் சாத்திக்கொண்டுதான் இருப்பார். அம்மா முதலில் ஜெராக்ஸ் எடுத்தாள், அதைத்தான் வெட்டுவதாக இருந்தாள். ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளையில் மாவு அப்பியது போல இருந்ததால், ஒரிஜினலை வெட்டிக்கொண்டு ஜெராக்ஸை ஆல்பத்தில் செருகிவிட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்றதற்கு, எடுத்தது நான்தானே என்கிறாள்.

நடுவில் பெரியம்மாவுக்கு ஈறு கெட்டு மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் எடுக்கும்படி ஆயிற்று. தற்காலிகமாக ஒரு பல் செட் கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு யாரோ ஒருத்தியின் வாயை எனக்கு வைத்துவிட்டார்கள் என்று கழற்றிப் போட்டவர்தான், அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. சனிக்கிழமைதோறும் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பாரே, அதையும் விட்டுவிட்டார். கதவைத் திறந்தால் கை வாயை மூடியிருக்கும். இந்த நிலையில் பல் செட் செய்கிறவர், உங்கள் சொந்தப் பல் நன்றாகத் தெரிகிற பழைய படம் ஏதாவது கொண்டுவந்தால் அதே அளவில், அதே சாய்வில் வைத்துத் தருகிறேன், உங்கள் முகம் உங்களுக்குத் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மா அதற்காக மட்டும் வெளியே இறங்கி, நேரே இங்கே வந்து ஆல்பத்தை எடுத்துப் போனார். ஜெராக்ஸை லென்ஸ் வைத்துப் பார்த்த மனிதர், இதில் பல் எங்கே, வெள்ளைப் பட்டைதான் தெரிகிறது, ஒரிஜினல் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா அட்டையை அனுப்பும் முன் போனில் எடுத்து வைத்த படத்தில் பாதி அவள் கட்டைவிரல்.

ஒரிஜினல் எங்கே என்று பெரியம்மா வந்து கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் அரை நாள் திட்டோடு முடிந்திருக்கும். அம்மா, ஒரிஜினலைப் பெரிதாக்குவதற்கு ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எந்த ஸ்டூடியோ என்றார் பெரியம்மா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என்றாள். முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுத் தேர்ந்தவரிடம் இந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தானே போய்ப் பார்த்திருக்கிறார். அந்த ஸ்டூடியோ மூடி எட்டு வருடம் ஆகிறது, இப்போது அங்கே செல்போன் கடை. மறு நிமிடம் எனக்குப் போன். "மாப்பிள்ளை, நீங்க பேப்பர்ல எழுதினவரு, பொய் சொல்ல மாட்டீங்க. போட்டோ எங்க இருக்கு?" என்றார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக்கூடிய நிலையில் இல்லை என்றேன். இந்தப் பதிலை அமைச்சர்கள் எனக்குச் சொன்னபோதெல்லாம் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் தெரியுமா.

இப்போதைய நிலவரம் இதுதான். மூவருக்கும் பதில் உறை வைத்துக் கடிதம் போட்டேன். கடிகாரக்காரர் போன மாதம் ஒன்பதாம் தேதியே அனுப்பிவிட்டாராம். பஸ் ஓட்டும் பெண் இருபத்திமூன்றாம் தேதி லிஃப்ட் மெக்கானிக்குக்கு அனுப்பியிருக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து மூச்சு இல்லை. பல்லை மெழுகில் வரிசையாக வைத்து வாயில் பொருத்திப் பார்க்கிற நாள் வருகிற வியாழக்கிழமை. அதற்குள் படம் வராவிட்டால் கைவசம் இருக்கிற பொதுவான அளவில் வைத்துவிடுவேன் என்று பல்காரர் சொல்லிவிட்டார், அப்படி வைத்ததை மாற்ற முடியாது. பெரியம்மா மிச்ச ஆயுளுக்கும் வேறொருத்தியின் வாயோடு இருக்க வேண்டியதுதான், அல்லது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். அம்மா தினமும் பதினொரு மணிக்கு வாசலில் நிற்கிறாள். தபால் கொண்டுவரும் பெண் தெருமுனையிலேயே கையை ஆட்டி, இன்னிக்கும் இல்லம்மா என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை மிதிக்கிறாள். கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

இது சனிக்கிழமை. கடிதத்தைத் திங்களன்று மேஜை இழுப்பறைக்குள் போட்டதோடு சரி, எடுக்க நேரம் வாய்க்கவில்லை. அட்டை புதன்கிழமை பதினொன்றே காலுக்கு வந்தது. உறையில்லாமல், மூலையில் தபால்தலையோடு, முத்திரையில் பாதி வாத்தின் வாலில் விழுந்திருந்தது. கடிகாரக்காரர் பெரியம்மாவின் தலையில் பித்தளைப் பல்சக்கரம் ஒன்றைத் தொப்பியாக வைத்திருந்தார். பஸ் பெண் பழைய பஸ் டிக்கெட்டை மடித்து வாத்துக்கு இரண்டு பூட்ஸ் போட்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் தன் பங்குக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார், லிஃப்டுக்குள் இருக்குமே, 'கதவை மூடவும்' என்று. ஒட்டிய இடம் பெரியம்மாவின் வாய்.

நான் பிரி என்றேன். அம்மா அசையவில்லை. அடுத்தவர் ஒட்டியதைப் பிரிப்பது சுற்று விதிப்படி தப்பு என்கிறாள். அக்காவின் ஒரே படத்தைக் கழுத்தோடு வெட்டியவள், இல்லாத ஸ்டூடியோவைக் கட்டி நிறுத்தியவள், விதி என்று வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் நான் சுற்றில் சேராதவன், என்னை அந்த விதி கட்டுப்படுத்தாது என்று வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தேன். ஆவி காட்டினால் போட்டோ சுருண்டுவிடும், ஹேர் டிரையரில் இளஞ்சூடாகக் காட்டி, பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூலை ஸ்டிக்கருக்கு அடியில் விட்டு அறுக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். நாற்பது நிமிடம். பசை ஓரத்தில் கொஞ்சம் தங்கியது, படம் தப்பித்தது. மேல்வரிசையில் ஆறு பல் பளிச்சென்று தெரிந்தது, நடுவில் இருக்கிற இரண்டு பல்லுக்கு இடையே நெல்மணி நுழைகிற இடைவெளி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவருடைய முன்பல்லை உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டாள். இன்னொரு தடவை கழுத்தை வெட்டினால் நான் சாட்சி சொல்வேன் என்று அட்டையோடு அழைத்துப் போனேன். பெரியம்மா ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு மறு கையால் அட்டையை வாங்கினார். வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

"இது யாருடி?"

"நீதான்க்கா."

"கழுத்துக்குக் கீழ?"

"வாத்து."

"ஏன் வாத்து?"

"நடைக்காகத்தான்க்கா," என்றாள் உன் அம்மா. பெரியம்மாவின் நடை உனக்குத் தெரியுமே, இந்த இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவளே ஸ்டூடியோ முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பெரியம்மா திட்டவில்லை. எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று பேர் என்றாள் அம்மா, கொஞ்சம் யோசித்து, தபால் இலாகாவும் என்று சேர்த்தாள். பெரியம்மா சுவரைப் பார்த்தபடி, பதினைந்து வயதில் வகுப்பில் ஒருத்தி அந்த இடைவெளியைக் கேலி செய்ததிலிருந்து வாயைத் திறந்து சிரித்ததில்லை, அந்த ஒரு நாள் விழுந்த வேகத்தில் மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன், அதைப் போய் ஊர் ஊராக அனுப்பியிருக்கிறாயே என்று சொன்னார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பையில் இருந்த பஸ் பெண்ணின் கடிதத்தை எடுத்துப் பெரியம்மா கையில் கொடுத்தேன். தேதியோடு கூட அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள். இந்த அம்மா யாரென்று தெரியாது, ஒன்பது நாள் ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன், காலை டிரிப்பில் பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது அந்த ஒன்பது நாள்தான், முடிந்தால் அவர்களிடம் சொல்லுங்கள் என்று. பெரியம்மா அதை இரண்டு தடவை வாசித்தார். எழுத்துப்பிழை ஒன்று இருக்கிறது என்றார். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

வியாழக்கிழமை மூவரும் போனோம். பல்காரர் அட்டையை விளக்கடியில் வைத்து, வாத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அளந்தார், தொழில் தெரிந்த மனிதர். மெழுகில் பல்லை நகர்த்திக்கொண்டே, இந்த இடைவெளியை மூடிவிடட்டுமா, எல்லோரும் மூடத்தான் சொல்வார்கள் என்றார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா வாயிலிருந்து கையை எடுத்தார்.

"அதுவும் என்னோடதுதான். அப்படியே இருக்கட்டும்."

வருகிற செவ்வாய் பல் செட் கைக்கு வருகிறது, அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குத் தண்டனை, இனி எதை வெட்டுவதானாலும் வெட்டும் முன் அக்காவுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நேற்று வந்து அட்டையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார், போகும்போது லிஃப்ட் மெக்கானிக்கின் முகவரியைக் கேட்டார். எதற்கு என்றேன். எழுதி முடித்த கடிதத்தைக் காட்டினார். 'ஐயா, முன்பின் அறியாத ஒரு பெண் சிரிப்பதைப் பார்த்ததும் கதவை மூடச் சொல்ல உங்களுக்குத் தோன்றியது ஏன்? விளக்கம் ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இருந்தால் சுற்றில் ஐந்தாவது ஆளாகச் சேர எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று இருந்தது. சிவப்பு மையில் கையெழுத்து.

வேலை வேலை என்று சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதே. மருமகனை டாக்டரிடம் காட்டு, இருமலை இரண்டு மாதம் வளர்க்கக் கூடாது. பெரியம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பல்லைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம், வாத்தைப் பற்றி மட்டும் நீயாக ஆரம்பிக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனக்குறையில்லாமல், நிறைய சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நலத்தையே நினைத்திருக்கும்
அப்பா