உதட்டுக்குத் தெரிந்த எழுத்து

786

ராயபுரம், திருப்பூர்.
ஜூன் 9

அன்புத் தம்பி அப்ரோஸுக்கு, அக்கா ஜுபைதா ஸலாம் சொல்லி எழுதுவது. ஷார்ஜாவில் வெயில் கடுமையாக இருக்கும். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது அக்கா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பெரிய போன் இப்போது உன் மச்சானிடம் இருக்கிறது. அதைத் தொட்டால் பேசுகிறது. யார் என்ன அனுப்பினாலும் சத்தமாக வாசித்துவிடுகிறது. என்னிடம் இருப்பது பழைய பட்டன் போன். இந்த ஒற்றை அறை வீட்டில் நான் யாரிடம் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். கம்பெனிக்குப் போனால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அவர் இல்லாமல் உன்னோடு பேச எனக்குப் பேனாதான் மிச்சம்.

நீ உன் சிநேகிதன் யாசின் கையில் கொடுத்தனுப்பிய மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. யாசினே கம்ப்யூட்டரோடு இணைத்துக் காட்டிவிட்டுப் போனான். நான் என்னவோ பெரிதாக நினைத்திருந்தேன். முழங்கை நீளம்கூட இல்லை. திரையில் ஒரு வரி வந்தால் மெஷினில் சின்னச் சின்ன முனைகள் எழுந்து நிற்கின்றன. தடவி முடித்துப் பட்டனை அழுத்தினால் அவை படுத்து அடுத்த வரி எழுகிறது. உன் மச்சான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முனைகள் எழும்போது வரும் சத்தத்தைக் கேட்டு, சாரல் விழற மாதிரி இருக்குது புள்ள என்றார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சர்க்கரை அவர் கண்ணுக்குள் ரத்தக்குழாய்களை உடைத்துவிட்டது. கோயமுத்தூரில் லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரிவதில்லை. ஆனாலும் நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏற்றுமதிக் காகிதமெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உன் மச்சான் பார்ப்பதுதான். கம்ப்யூட்டர் பேசும், காதால் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று அவரை உட்காரவைத்தார். அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை பீட்டர்சன் என்ற பெயரில் ஓ வர வேண்டிய இடத்தில் ஈ வந்துவிட்டது. காதுக்கு இரண்டும் ஒன்றுதானே. பேங்க் காகிதத்தைத் திருப்பிவிட்டது, சரக்கு துறைமுகத்தில் நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னால் கம்ப்யூட்டர் சொல்லும். அப்படிக் கேட்டால் ஒரு இன்வாய்ஸ் முடிய ஒரு பகல் போய்விடும். நடுவில் யாராவது பேசினால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அதோடு அவரே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

சென்னியப்பன் நல்ல மனுஷன். வீட்டுக்கே வந்து, "பாய், உங்க சீட்டுல இன்னும் யாரையும் உக்கார வெக்கலீங்க. எழுத்து எழுத்தாப் பாக்கற மாதிரி ஒரு வழி கெடச்சா வந்துருங்க. அடுத்த சீசன் ஆர்டர் ஏர்றதுக்குள்ள வந்தீங்கன்னா நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் உன்னிடம் கேட்டேன்.

பிரெய்ல் என்கிற புள்ளி எழுத்து சொல்லிக்கொடுக்க விஜயராணி டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். பிறவியிலேயே கண் தெரியாது. அவிநாசிபாளையத்திலிருந்து பஸ் ஏறி, கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே வந்துவிடுகிறாள். மூன்று மாதத்தில் வாசித்துவிடலாம் என்கிறாள்.

துஆ செய் தம்பி. ஈரோட்டில் மகள் ஷாஹிதாவும் அவள் மாமியார் வீட்டில் அத்தாவுக்காக நோன்பு வைத்திருக்கிறாளாம்.

அன்புடன் அக்கா,
ஜுபைதா


ராயபுரம்
ஆகஸ்ட் 25

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம். உன் கால்வலி தேவலையா? நின்றே பார்க்கும் வேலை என்றால் நடுவில் உட்காரக் கேட்டுக்கொள். கூச்சப்படாதே.

போனில் மச்சான் உன்னிடம் மெஷின் நன்றாகப் போகிறது என்றுதான் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்து ஆமாம் என்றேன். நடந்ததை எழுதுகிறேன்.

அவர் பாடம் கேட்கும்போது நானும் கூட உட்காருவேன். கம்பெனியில் பனியன் துணியைத் தடவித் தடவி ஓட்டை பார்க்கிற கை என்பதாலோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்கு ஏ எது பி எது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவர் விரல் மட்டும் வரி முழுக்க ஓடி வெறுமனே திரும்பி வந்தது. அழுத்தாதீங்க பாய், பூ மாதிரி தொடுங்க என்பாள் டீச்சர். அவர் பூ மாதிரி தொடுவார். பிறகு டீச்சர் கேட்டதும் ஏதோ ஒரு எழுத்தைச் சொல்வார். வயதான பிறகு படிப்பதால் வரும் தடுமாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் டீத் தம்ளரை எடுத்துக் கொடுத்தேன். எனக்குச் சுட்டதால் சேலைத் தலைப்பில் பிடித்திருந்தேன். அவர் வெறும் கையில் வாங்கி, பேசிக்கொண்டே வைத்திருந்தார். தம்ளரைக் கீழே வைத்தபோது விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

அந்த ஞாயிறு டீச்சரை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாப்பில் நின்றுகொண்டு என் கையைப் பிடித்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்கிராதீக. அவுகளுக்குப் புள்ளி தெரியாம இல்ல, அத்தனையும் மனசுல பாடமா வச்சிருக்காக. வெரல்தான் பேச மாட்டேங்குது. டாக்டர்ட்ட காட்டுங்க" என்றாள்.

காட்டினோம். டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டார். தெரியுதுங்க என்று உன் மச்சான் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். பாதிக்கு மேல் டாக்டர் இழையைத் தூக்கிப் பிடித்தபடியே, தொடாமலே கேட்டார். அப்போதும் தெரியுதுங்க என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உன் மச்சானின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் தின்ற சர்க்கரைதான் விரல் நரம்பையும் தின்றிருக்கிறது, போன உணர்ச்சி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார். "ஒரு வெரலாச்சும் தேறுமுங்களா சார்?" என்று இவர் கேட்டார். அதற்கு அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்ரோஸ், முடியவில்லை. சென்ற வாரம் ஷிப்ட் முடிந்து வந்தால், விளக்குப் போடாத வீட்டில் அவர் குனிந்து கிடந்தார். தொழுகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். பிறகு பார்த்தால் முகம் கிப்லா பக்கம் இல்லை. மெஷின் மேல் முகத்தை வைத்து, கீழுதட்டை முனைகள் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும் தலையைத் தூக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர். "எம் தெரியுது புள்ள. பக்கத்துல ஏ. நெசமாத் தெரியுது" என்றார்.

நான் கம்ப்யூட்டரில் என் பெயரை அடித்தேன். அவர் குனிந்து வாசித்தார். தப்பாக வேண்டுமென்றே அடித்தேன், அதையும் கண்டுபிடித்து, உம்பேருல ஒரு எழுத்தை முழுங்கிட்டியே என்று சிரித்தார். டீச்சரிடம் சொன்னபோது, கை இல்லாதவர்கள் அப்படி வாசிப்பதுண்டு, எழுத்து எந்த வழியாக வந்தால் என்ன என்றாள். ஈரம் பட்டால் முனை சிக்கிக்கொள்ளுமாம். அதனால் ஒவ்வொரு வரிக்கும் உதட்டைத் துடைத்துக்கொள்கிறார். சாயங்காலத்துக்குள் உதடு தோல் உரிந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறேன்.

தினமும் வாசிக்கிறார். வேகம் கூடிக்கொண்டே வருகிறது. ஆபீசுக்குப் போய்விடுவார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்ஷா அல்லாஹ்.

உன் அக்கா,
ஜுபைதா


ராயபுரம்
நவம்பர் 17

தம்பி அப்ரோஸுக்கு ஸலாம். நீ அனுப்பிய பேரீச்சம்பழமும் எனக்கு அனுப்பிய துப்பட்டாவும் வந்தன. பழத்தை அவர் கண்ணில் படாமல் என்று எழுத வந்தேன், பார். அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆபீசுக்குப் போய் வந்தோம். ஒரு மாதம் ஆகப்போகிறது. எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து இன்றைக்குத்தான் முடிந்தது.

சென்னியப்பன் வண்டியோடு டிரைவர் கன்னையனை அனுப்பியிருந்தார். உன் மச்சான் பெருநாள் சட்டை போட்டுக்கொண்டார். மெஷினை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். காகிதம் பார்க்கும் அறை இப்போது கண்ணாடி அறை. காலேஜ் முடித்த பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பழைய ஆட்கள் சிலரும் இருக்கிறார்கள். பாய் வந்துட்டாருங்க, பாய் வந்துட்டாருங்க என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சென்னியப்பனுக்கு அவ்வளவு சந்தோஷம். மெஷினை வைத்து இணைத்ததும், "எல்லாரும் வந்து பாருங்கப்பா, நம்ம பாய் இனி தொட்டே படிப்பாரு" என்று சத்தமாகக் கூப்பிட்டார். அது எனக்கு வெளியே கேட்டது. பேக்கிங்கிலிருந்து வடநாட்டுப் பையன்கள்கூட வந்துவிட்டார்கள். மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். ஒருத்தி போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். யாரும் கெட்ட எண்ணத்தில் நிற்கவில்லை அப்ரோஸ். அவர் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் நின்றார்கள்.

அன்று அனுப்ப வேண்டிய ஒரு இன்வாய்ஸைத் திரையில் போட்டார்கள். முனைகள் எழுந்தன. உன் மச்சானின் தலை கொஞ்சம் தாழ்ந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். தலை மறுபடி நிமிர்ந்தது. இன்னொரு தடவை தாழ்ந்தது, பாதி வரை போயிற்று, நின்றுவிட்டது. பிறகு அவர் நேராக உட்கார்ந்து இரண்டு கையையும் எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விரலை இடமிருந்து வலமாக ஓட்டினார். வரி முடிந்ததும் சரியாகப் பட்டனை அழுத்தினார். அடுத்த வரி. அதற்கு அடுத்தது. பார்ப்பவர்களுக்கு அழகாக இருந்தது. கடைசி வரி முடிந்ததும், "எல்லாம் சரியா இருக்குதுங்க மொதலாளி" என்றார். கைதட்டினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும் சென்னியப்பன் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். சரக்கு வாங்குகிறவர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததாம். கன்னையன் பிற்பாடு சொன்னார். சென்னியப்பன் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லீங்க பாய், மொத நாளுதானுங்களே" என்றார். கூட்டம் தானாகக் கலைந்தது.

திரும்பி வரும்போதும் மெஷினை மடியில்தான் வைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் சொன்னார்: "அத்தனை பேரு முன்னால, சாப்பிட்ட தட்டை நக்கற மாதிரி குனிய முடியல புள்ள."

மறு வாரம் அவருக்குத் தெரியாமல் சென்னியப்பனைப் போய்ப் பார்த்தேன். உதட்டால் வாசிப்பதைச் சொன்னேன். தனியாக ஒரு மூலை கொடுத்தால் போதும், தடுப்பு ஒன்று வைத்தால் போதும் என்று கெஞ்சினேன். உன் மச்சானின் சீட்டில், அன்று தப்பைக் கண்டுபிடித்த அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்கம்மா, அப்பவே சொல்லியிருந்தா கூட்டத்தையே கூப்பிட்டிருக்க மாட்டேனுங்களே" என்று சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "நா பாய நம்பாம இல்லீங்க. தெரியலீனா தெரியலீங்கன்னு சொல்லிருந்தா உக்கார வெச்சிருப்பேன். தெரியாததத் தெரியுதுன்னு சொல்லிட்டாருங்களே. நாளைக்கு எதை நம்பிக் கையெழுத்துப் போடறதுங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம்தானே.

ஆபீசுக்குப் போய் வந்த பிறகு உன் மச்சான் மெஷினைத் தொடவில்லை. விஜயராணி டீச்சர் ஒரு தடவை வந்தாள். தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டு, நா வரேன் பாய் என்று தூங்காதவரிடம் சொல்வது போலவே சொல்லிவிட்டுப் போனாள். படிக்கிற பிள்ளை யாருக்காவது மெஷினைக் கொடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். அப்ரோஸ் கொடுத்தது, இருக்கட்டும் என்றார். துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வலது கால் கட்டைவிரலில் செருப்பு கடித்துப் புண்ணாகியிருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியாது, வலி இருந்தால்தானே சொல்ல. நாற்றம் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். ஷாஹிதாவிடம் சாதாரணப் புண் என்று சொல்லியிருக்கிறேன். நான் ஓவர்டைம் பார்க்கிறேன். அவர் தனியாகத்தான் இருக்கிறார். பேசுகிற போனையும் இப்போது அணைத்தே வைத்திருக்கிறார். நீ கூப்பிடும் வெள்ளிக்கிழமை மட்டும் போட்டு வைக்கிறார்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வெள்ளிக்கிழமை உன்னிடம், ஆபீஸ் போய்க்கிட்டு இருக்கறேன் மாப்ள, வேலை ஜாஸ்தி என்று அவர் சொன்னார் அல்லவா? நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அடுத்த முறையும் சொல்வார். இன்னும் ஏதாவது கூட்டிச் சொல்வார். எந்தக் கன்ட்ரிக்கு ஷிப்மென்ட் என்று கேட்காதே. படம் அனுப்பச் சொல்லாதே. யாசின் லீவுக்கு வந்தால் ஆபீசுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லாதே. புதிதாக வேறு மெஷின் வந்திருக்கிறது, இதைவிட நல்லது என்று உன் நல்ல மனசில் தேடிக்கொண்டிருந்தால், அதையும் விட்டுவிடு.

அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம் மச்சான் என்று மட்டும் சொல். சொல்லும்போது நீ நிஜமாகவே சந்தோஷமாக இருக்க வேண்டும் தம்பி. குரல் கொஞ்சம் தழுதழுத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அல்லாஹ் உன்னை அங்கே பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
ஜுபைதா