வட்டமிடாத படங்கள்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரம்யாவுக்கு,

நலமா? சென்னையில் உன் மகளுக்குக் காய்ச்சல் என்றாயே, இப்போது தேவலையா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்வராயன் மலைப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைச் சீக்கிரம் முடிக்கத்தான் அந்த மைக்ராஸ்கோப்பை எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தாய். சாயம் ஏற்றாத செல்லைப் பார்த்தே, ஏற்றினால் எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டர் படம் காட்ட வேண்டும். அதற்கு ஒவ்வொரு செல்லையும் சாயத்தோடும் சாயமில்லாமலும் அதற்குக் காட்டி, கெட்ட செல்லை நான் வட்டமிட்டுப் பழக்க வேண்டும்.

கடைசி நூற்றுநாற்பது படங்களை நான் பார்க்கவே இல்லை. தம்பி பழனியின் கல்யாணத்துக்கு மணலூர்பேட்டை போகிற அவசரம். எல்லாவற்றுக்கும் ‘கெட்ட செல் இல்லை’ என்று குறித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் காசியம்மாளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் கம்ப்யூட்டர் சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க மூன்று மாதம் கழித்து அவருடைய ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றியபோது, புற்றுநோய் இருப்பதை எங்கள் லேப் டாக்டர் விஜயலட்சுமி கண்டுபிடித்தார். அதைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் நீ எழுந்து, உன் புரோகிராமில்தான் குறை என்றாய். பக்கத்து நாற்காலியில் நான் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காசியம்மாள் லேபுக்கு வந்தார். மிஷின் தவறிவிட்டது என்று நானே சொன்னேன். “மிஷினு தப்பு பண்ணா யாரப் போய்த் திட்றது? நீ இன்னாம்மா பண்ணுவ” என்று மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், ரம்யா.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டார். முன்பே தெரிந்திருந்தால் சின்ன வைத்தியத்தோடு போயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

நேற்று அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். பதினொரு படங்களில் கெட்ட செல் இருக்கிறது; அவற்றை நல்ல செல் என்றே கம்ப்யூட்டர் என்னிடம் கற்றிருக்கிறது. அந்தப் படங்களின் எண்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் நாளை நானே சொல்லிவிடுவேன். உன் மேலதிகாரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. என்னைக் காப்பாற்ற நினைத்து மறைத்துவிடாதே. ஒன்றுமில்லை என்று நாம் அனுப்பிவைத்த பெண்களில் பாதிப் பேரின் ஸ்லைடுகளுக்கு இன்னும் சாயம் ஏற்றவில்லை. தயவுசெய்து அவற்றைப் பார்க்க வேறு யாரையாவது அனுப்பு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெயசுதா